ஐந்தடி ஒன்பது அங்குலம்

சவரிமுத்து டேப்பை இழுத்துப் பிடித்தபடி
"ஷவர் எத்தனை அடியிலம்மா?" என்றான்.
என்னைத்தான் கேட்டான்.
ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்,
பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று.

ஜாக்கெட் தைக்கத் தவிர
யாரும் என்னை அளந்ததில்லை.

புதுப்பாளையத்தில் இந்த வீட்டை வாங்கும்போதே
குளியலறை பழசு.
இடுப்பளவுக்கு ரோஜா நிற டைல்ஸ்,
அதற்கு மேலே ஊறி உரிந்த டிஸ்டம்பர்.
உப்புத் தண்ணீரில் வெள்ளை பூத்த குழாய்.
கெடிலம் தெருவுக்குள் வந்த மழையில்
சாக்கடைத் துளை வழியே குமிழ் விட்டு ஏறிய சேறு
சுவரில் விட்டுப்போன பழுப்புக் கோடு.
எத்தனை ஆசிட் ஊற்றினாலும்
போக மாட்டேனென்றது.

ஷவர் ஒன்று இருந்தது, ஏழடியில்.
திருகையும் அதன் கழுத்தருகிலேயே.
தணிகாசலம் ஆறடி ஓரங்குலம்.
நின்ற இடத்திலிருந்தே திறப்பார், பாடுவார், மூடுவார்.
நான் நாலடி பத்து.
இருபத்தாறு வருஷமாக வாளி, மக்.
துண்டு மாட்டும் ஆணியும் அவர் கைக்குத்தான்.
கண்ணாடியில் எனக்கு
நெற்றி மட்டும் கிடைக்கும்.
பொட்டு வைக்க அது போதும்தானே.

மின்வாரியக் கவுண்டரில் உட்கார்ந்து
ஊர்ப்பணத்தை எண்ணி வாங்கும் கை என்னுடையது.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்காமல்
கடைசிவரை இருந்து முழுசாக வாங்கினேன்.
"எதுக்கு இப்ப?" என்றார்.
"இடிக்கிறதுக்கு" என்றேன்.

மூன்று நாள் இடித்தார்கள்.
ரோஜாவுக்குப் பின்னால் பச்சை டைல்ஸ்.
பச்சைக்குப் பின்னால், சிமெண்டில்,
எந்தக் கொத்தனாரோ பென்சிலில் போட்ட கூட்டல்.
விடை ஏழு ரூபாய் குறைகிறது.
வென்டிலேட்டர் திட்டில்
துருப்பிடித்த பிளேடுகள் பதினேழு.
எண்ணாமல் இருக்க எனக்கு வராது.

பத்து நாள் எதிர்வீட்டு மாடியில் குளித்தோம்.
சோப்புப் பெட்டியோடு தெருவைக் கடப்பதில்
முதல் நாள்தான் கூச்சம்.

பாண்டியில் மலிவு என்ற பழைய நினைப்பில்
பஸ் ஏறிப் போய் டைல்ஸ் பார்த்தேன்.
மலிவில்லை. ஆனாலும் வாங்கினேன்,
ஈர மணல் நிறத்தில், வழுக்காத ரகம்.
மூலையில் உட்காரக் கருங்கல் பலகை,
கால் தரையில் படும் உயரத்தில்.
முப்பது வருஷ டவுன்பஸ்ஸில்
ஒரு சீட்டும் எனக்கு அப்படி வாய்த்ததில்லை.

"ஐந்தடி ஒன்பது" என்றேன்.
சவரிமுத்து பென்சிலைக் காதில் செருகினான்.
"சாருக்கு இடிக்குமேம்மா.
ரெயில் ஒண்ணு போட்டா ஏத்தி இறக்கிக்கலாம்."
"வேண்டாம்."
"ஆயிரத்து..."
"வேண்டாம்ப்பா."

முதல் நாள் தண்ணீர்
அழுகிற பிள்ளைக்கு மூக்கு வடிவது போல் வந்தது.
டேங்கை மூன்றடி தூக்கி வைத்தார்கள்.
மறுநாள்
தலையில் விழுந்தது, தோளில், முதுகில்
நான் மொண்டு ஊற்றாத தண்ணீர்.
கைகளுக்கு வேலை இல்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
கட்டிக்கொண்டு நின்றேன்,
பில் கட்ட வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி.
சிமெண்ட் வாசனை இன்னும் போகவில்லை.
அரைமணி நேரம் என்று பிறகு தெரிந்தது.

அவருக்கு நெற்றியில் இடித்தது.
இரண்டு நாள் குனிந்து குளித்தார்.
பாட்டு இல்லை.
மூன்றாம் நாள் கேட்டார்:
"அந்த வாளி எங்க?"

சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே மக் வாளியில் மோதியது,
ஒரு ஊற்றல், ஓர் இடைவெளி,
மறுபடி பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் இடிக்கும் சத்தம்.
இத்தனை வருஷம்
நான் குளித்தபோதும் வெளியே
இப்படித்தான் கேட்டிருக்குமா?
கேட்டிருந்தால்
அவர் என்ன செய்துகொண்டிருந்தார் அப்போது?

மத்தியானம் சவரிமுத்துவுக்குப் போன் போட்டேன்.
ரெயில் என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னான்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.